ஒறம்பரை

சரவணம்பட்டி, ஏழாவது மாடி.
ஏசி குளிருக்குத் துண்டு போர்த்திய நாலு பேர்,
சுவர் முழுக்கத் திரை.
அதில் திருப்பூர் வீரபாண்டிச் சாயப்பட்டறை ஒன்று
பச்சைப் புள்ளிகளாய்த் தூங்குகிறது.

இரண்டு நாற்பதுக்கு ஒரு புள்ளி சிவந்தது.

இயந்திரம் சொன்னது:
கணக்குப் பிரிவு ரங்கநாயகி பெயரில் யாரோ உள்ளே.
கடவுச்சொல் சரி, கணினி சரி,
கை சரியில்லை.
ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே
அவர் விடும் இடைவெளி இது இல்லை.
நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு, திருட்டுக் கை.

போன் போட்டேன்.
"நாந்தானுங்க.
பல்லடம் ரோட்டுல ஸ்கூட்டி சறுக்கிப் போச்சு,
சோத்துக் கையில மாவுக்கட்டு.
வெடியால ஹாம்பர்க்குக்கு இன்வாய்ஸ் போயாகோணும்,
எடது கையில ஒவ்வொண்ணாத் தட்டிட்டிருக்கேன்.
ஏனுங், தப்புங்களா?"

தப்பில்லைங்க என்றேன்.
நீங்கள் நீங்கள்தானா என்று
நடுச்சாமத்தில் ஒருவரைக் கேட்டதற்கு
என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பதென்று தெரியாமல்
கையைப் பார்த்துக்குங்க என்று வைத்தேன்.

சிவப்பைப் பச்சையாக்க ஒரு பொத்தான்.
அழுத்தப் போன விரல் நின்றது.
உடைந்த கையைக்கூடக் கண்டுபிடிக்கிற இது
எதைப் பார்த்துப் பேசாமல் இருக்கிறது?

எட்டு மாத வேலையில் அன்றுதான்
பச்சையைப் படித்தேன்.

இரண்டு ஐம்பத்தைந்து.
பிரிண்டர் சர்வீஸ் என்றொரு கணக்கு.
எழும். பையர் விலைப்பட்டியலைத் தொடும்.
ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு படுக்கும்.
நேற்றும் அதே நேரம். முந்தாநாளும்.
பால்காரரைப் போல, ஒரு நாள் தப்பாமல்.
அந்த பிரிண்டரை எடைக்குப் போட்டு
ஒரு வருஷம் ஆகிறது என்று பிறகு சொன்னார்கள்.

நாங்கள் இயந்திரத்தை அங்கே வைத்தது ஐப்பசி முதல் நாள்.
நாற்பது நாள் யாரையும் எதுவும் சொல்லாதே,
இங்கே வழக்கம் எதுவோ அதைப் படி என்றோம்.
படித்தது.
யார் எப்போது டீக்குப் போவார்,
எந்த சூப்பர்வைசர் சனிக்கிழமை பொழுதோட ஓ.டி. எழுதுவார்,
போனஸ் வாரத்தில் கணக்கு எப்படிப் புரளும்,
எல்லாம்.
அவன் புரட்டாசியிலேயே வந்துவிட்டிருந்தான்.

போன முதல் நாளே
கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவனை
ஒறம்பரை என்று அது எழுதிக்கொண்டது.
அதை என்ன குறை சொல்ல.
இவங்கெல்லாம் நம்மவங்க என்று
ஆளெண்ணிக் கொடுத்தது நாங்கள்.

அன்றைக்கு அந்தப் பட்டறை லேபில்
ஜோதிமுருகன் விளக்குப் பெட்டிக்குள் துணி காட்டினார்.
பையர் ஒப்புக்கொண்ட துண்டு ஒன்று,
காலையில் சாயம் ஏறிய துண்டு ஒன்று.
வெள்ளை வெளிச்சம், மஞ்சள் வெளிச்சம், மாற்றி மாற்றி.
"நாங்க சாயத்தைப் பாக்கறதில்லைங்க,
வித்தியாசத்தைத்தான் பாக்கறோம்.
கையில இருக்கிற துண்டுலயே கறை இருந்துச்சுன்னு வைங்க,
கறையோட வர்றதெல்லாம் பாஸு.
சுத்தமா வந்தது ரிஜெக்ட்டு."
நான் தலையாட்டிவிட்டு
பெட்டியை எங்கே வைப்பதென்று
பிளக் பாயிண்ட் தேடப் போய்விட்டேன்.

மூன்று பத்துக்கு அந்தக் கணக்கை அறுத்தேன்.
உறக்கத்தில் இருந்த அஸ்மத்துல்லாவை எழுப்பினேன்.
எவ்வளவு போச்சு என்றார்.
கைப்பிடி கைப்பிடியாய் எத்தனை ராத்திரி,
கூட்டிச் சொல்ல வாய் வரவில்லை.

விடிந்ததும் இயந்திரத்தின் நினைவைத் துடைத்தோம்.
மறுபடி நாற்பது நாள்.
இந்தத் தடவை உள்ளே யாரும் இல்லை என்று
படிவத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.
பேனா என்னிடம் இருந்தது.

போட்டேன்.

ரங்கநாயகியின் இடது கையை
அது இப்போது படித்துக்கொண்டிருக்கிறது.
ஒவ்வொன்றாய், தேடித் தேடித் தட்டும் கை.
இதுதான் அவர் என்று நன்றாகப் படித்து முடிக்கும் சமயம்
மாவுக்கட்டைப் பிரிப்பார்கள்.
பழைய வேகத்தில் பத்து விரலும் இறங்கும்,
புள்ளி சிவக்கும்.

அன்றைக்கும் எனக்குத்தான் நைட் ஷிஃப்ட்.
பட்டியலில் பார்த்துவிட்டேன்.